போன் வராத இருபத்திரண்டு நிமிஷம்

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் சீனிராஜ். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. எட்வின் அதற்கப்புறம். ஆவுடையப்பன் அதற்கும் அப்புறம். இந்த வரிசை மாறினால் கதையே மாறிவிடும். ஊரில் எல்லோரும் வரிசையை மாற்றித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

ஜன்னலை அடைக்க வேண்டாம், இருக்கட்டும். நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? கடைசி ஸ்டாப்பா? நல்லது. நான் அதற்கு முந்தின ஸ்டாப், தாதன்பட்டி. இந்த மினி பஸ் போகிற போக்குக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்.

பையில் என்ன என்று பார்க்கிறீர்கள். டேப் ரிக்கார்டர். ஆறு கட்டை பேட்டரி காலையில்தான் வாங்கிப் போட்டேன். உள்ளே ஒரு கேசட் இருக்கிறது. அதைக் கொண்டுவரச் சொல்லி ஆவுடையப்பன் சொல்லிவிட்டிருக்கிறார். பதினோரு வருஷம் கழித்துச் சொல்லிவிட்டிருக்கிறார். அவரிடமிருந்து எனக்கு ஒரு வார்த்தை வர வேண்டியிருக்கிறது. பதினோரு வருஷமாக வர வேண்டியிருக்கிறது. அதை வாங்கத்தான் போகிறேன்.

என்ன வார்த்தை என்று முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் நூல் மில்லில் ஜாபராக இருந்தவன். எட்டு ரிங் ஃபிரேம் மிஷின், அதில் நிற்கிற முப்பது பேர், அத்தனைக்கும் நான்தான் பொறுப்பு. இருபத்தாறு வருஷம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது சின்ன வேலை இல்லை. ரிங் ஃபிரேம் ஓடுகிற இடத்துக்குள் நீங்கள் போயிருக்கிறீர்களா? காதுக்குள் மழை பெய்கிற மாதிரி இருக்கும். பக்கத்தில் நிற்கிறவனிடம் கத்தினாலும் கேட்காது. அந்த இரைச்சலுக்கு மேலே ஒரு இடம் இருக்கிறது தம்பி. குரலைக் கொண்டுபோய் அங்கே வைக்கத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். நான் ஒருவனைக் கூப்பிட்டால் நாலு மிஷின் தள்ளி நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

மற்ற ஊரில் மட்டை என்றால் கிரிக்கெட். கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி. அது உங்களுக்கே தெரியும். சுற்றியிருக்கிற எட்டு ஊர் சேர்ந்து வருஷா வருஷம் ஒரு லீக் நடத்தும். பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் வர மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவன், லாரிக்கு லோடு ஏற்றுகிறவன், பாலிடெக்னிக்கில் ஃபெயிலானவன், இவர்கள்தான் ஆடுவார்கள். செம்மண் கிரவுண்டு. பந்து ஒரு கல்லில் பட்டால் எங்கே போகும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆட்டங்களுக்கு நான்தான் மைக் பிடிப்பேன். சும்மாதான். ஒரு சோடா, ஒரு துண்டு.

அங்கேதான் எட்வின் வந்தார். ஒரு அறக்கட்டளை அப்போதுதான் புதிதாக ரேடியோ ஆரம்பித்திருந்தது. பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குக் கேட்கிற ரேடியோ. அதற்கு அவர் மேனேஜர். முப்பது வயது இருக்கும். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, கையில் ஒரு நோட்டு. ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, “இந்தக் குரல வச்சிக்கிட்டு மில்லுல என்ன செய்றீங்க?” என்றார்.

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

லீக் முழுவதையும் ரேடியோவில் போடப்போகிறோம், கிரவுண்டு ஓரத்தில் பந்தல், மேஜை, மைக், மேஜை முன்னால் உங்கள் பெயர் எழுதிய அட்டை என்று சொன்னார். பெயர் எழுதிய அட்டை. வெயிலுமுத்து என்று. நான் மறுவாரமே மில்லில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ரிட்டயர்டாக ஒன்பது வருஷம் பாக்கி இருந்தது. மேனேஜர் மூன்று தடவை கூப்பிட்டுக் கேட்டார், வேறு மில்லுக்குப் போகிறாயா என்று. ரேடியோவுக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நான் யோசித்திருப்பேனோ என்னவோ.

வீட்டில் வேலம்மாள் சண்டை போடவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “சங்கு ஊதினா எந்திரிச்சுப் போற மனுசன். இனி எந்தச் சத்தத்துக்கு எந்திரிப்பீக?” இப்போது அவள் திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். அங்கே தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொண்டது, அதனால் இருக்கிறாள்.

முதல் நாள் போனேன். பந்தலும் இல்லை, மேஜையும் இல்லை. மாடியில் ஒரு அறை. சுவர் முழுக்கச் சாக்கு ஒட்டியிருந்தது. ஜன்னல் கிடையாது. கிரவுண்டிலிருந்து நேராக ஒலிபரப்ப மிஷின் வரவில்லை, வந்தால் அனுமதி வரவில்லை, அடுத்த மாதம் வந்துவிடும் என்றார் எட்வின். அதுவரைக்கும் கிரவுண்டில் ஒரு ஆள் நிற்பார், நடக்கிறதைப் போனில் சொல்வார், நீங்கள் இங்கேயிருந்து கிரவுண்டில் இருக்கிற மாதிரியே சொல்லுங்கள் என்றார். அந்த ஆள்தான் சீனிராஜ். மெயின் ரோட்டில் தையல் கடை வைத்திருந்தான். ஹாக்கி பைத்தியம். நானும் அவனும் அதுவரை நல்ல சிநேகிதம்.

அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று மூன்று வருஷம் நான் அந்தச் சாக்கு அறையில் உட்கார்ந்திருந்தேன். எட்வின் செய்தது இது. இதற்கே அவர்மேல் எனக்கு ஆயுசுக்கும் கோபம் இருக்கலாம். ஆனால் அவர் இரண்டாவதுதான்.

நான் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன் கேளுங்கள். மேஜைமேல் ஒரு வேப்பங்கட்டை. கையில் உடைந்த ஹாக்கி ஸ்டிக்கின் கொக்கி. கட்டையில் ஒரு தட்டுத் தட்டினால் பந்து அடிபடுகிற சத்தம். கழுத்தில் ஒரு விசில். ஜனங்களின் இரைச்சலுக்குத் தேரோட்டத்தில் பதிவு செய்த ஒரு கேசட், அதை மெதுவாக ஓடவிட்டுக் கோல் விழுகிறபோது திருகிக் கூட்ட வேண்டும். சீனிராஜ் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் செய்வான். ‘தாதன்பட்டிக்குப் பெனால்டி கார்னர், அடிச்சது வெளிய போயிருச்சு.’ அவ்வளவுதான் சொல்வான். அந்த ஒரு வரியை வைத்து நான் மூன்று நிமிஷம் ஓட்ட வேண்டும். யார் தள்ளினான், யார் நிறுத்தினான், அடித்தவன் முகத்தை எப்படித் துடைத்துக்கொண்டான், எல்லாம் நான் போடுவது.

வீட்டிலிருந்து கேட்கிறவர்கள் நான் கிரவுண்டில் இருப்பதாகத்தான் நினைத்தார்கள். நான் அங்கே இல்லை என்று தெரிந்தவர்கள்கூடக் கிரவுண்டுக்கே ரேடியோவைக் கொண்டுபோய்க் காதில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்ப்பார்கள். டீக்கடையில் ஒருத்தன் என்னிடம் சொன்னான், ‘அண்ணாச்சி, நீங்க சொன்ன மேட்ச் நல்லாருந்துச்சு. கிரவுண்டுல நடந்ததுதான் சரியில்ல.’ இருபத்தாறு வருஷம் மில்லில் எனக்கு இப்படி ஒரு வார்த்தை யார் சொன்னார்கள்?

மைக்குக்கு மேலே எட்வின் ஒரு காகிதம் ஒட்டி வைத்திருந்தார். மூன்று நிமிஷத்துக்கு மேல் போன் வராவிட்டால் பாட்டு போடவும் என்று. நான் ஒரு தடவைகூடப் பாட்டு போட்டதில்லை. பாட்டு போடுவதற்கு ஒரு சுவிட்ச் போதும், அதற்கு வெயிலுமுத்து எதற்கு? டவர் போய்விடும், சீனிராஜுக்குச் சார்ஜ் இறங்கிவிடும், ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம் ஒன்றும் தெரியாது. அப்போது நானே ஆட்டத்தை நடத்துவேன். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கோல் போடக் கூடாது. போட்டால் பிறகு கணக்கு இடிக்கும். யாரையும் வெளியே அனுப்பக் கூடாது. ஆனால் கோல் கீப்பர் பந்தைத் தடுத்தால்? எத்தனை பந்தைத் தடுத்தாலும் கணக்கு மாறாது. அதனால் போன் வராத நேரமெல்லாம் நான் கோல் கீப்பரை வைத்தே ஓட்டினேன்.

தாதன்பட்டி கோல் கீப்பர் பொன்பாண்டி. ஆவுடையப்பன் மகன். இருபது வயது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை. உள்ளபடி சொன்னால் சுமாரான கீப்பர்தான். ஆனால் பெயர் வாய்க்கு நன்றாக வந்தது. பொன்பாண்டி பாய்கிறார், பொன்பாண்டி காலால் தட்டிவிடுகிறார், பொன்பாண்டி என்று இழுத்துச் சொன்னால் அந்தச் சாக்கு அறையே நிறையும். இரண்டாவது வருஷத்தில் எட்டு ஊரிலும் அவன் பெயர் தெரியாத ஆள் இல்லை. அவனை உண்டாக்கினது யார்? நான்.

ஒரு நாள் டீக்கடையில் என்னைப் பார்த்து வந்தான். நல்ல பையன். சிரித்துக்கொண்டே, ‘அண்ணாச்சி, நேத்து நான் அஞ்சு பந்துதான் தடுத்தேன். நீங்க பதினொண்ணு தடுக்க வச்சிட்டீக. எங்கப்பா ஊரெல்லாம் பதினொண்ணுன்னு சொல்லிட்டுத் திரியுதாரு, நான் என்னத்தச் சொல்ல’ என்றான்.

அவன் அப்பா கிரவுண்டுக்கு வர மாட்டார். முதல் தடவை வந்தபோது மகன் நாலு கோல் விட்டுவிட்டான். தான் வந்ததால்தான் என்று அவருக்கு ஒரு எண்ணம். அதிலிருந்து ஆட்டம் நடக்கிற அன்றைக்கு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ரேடியோவைத் தெருவே கேட்கிற மாதிரி திருகிவைத்து, அசையாமல் உட்கார்ந்திருப்பாராம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நின்று கேட்பார்களாம். மகன் ஆட்டத்தை அவர் கண்ணால் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மற்றதெல்லாம் நான் காட்டினது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வருஷம், லீக் பாதியில், ஒரு ஆட்டத்தில் ஆறு நிமிஷம் போன் வரவில்லை. நாலு பந்து தடுத்துவிட்டான். எனக்கே அலுத்துப்போனது. புதிதாக ஏதாவது வேண்டும். வாயில் வந்தது. வியர்வை கண்ணில் வழிகிறது, பந்து தெரியவில்லை, பொன்பாண்டி ஹெல்மெட்டைக் கழற்றுகிறார், கழற்றி வலைக்குள் வைத்துவிட்டு வெறும் தலையோடு நிற்கிறார், இதோ அடிக்கிறார்கள், தடுத்துவிட்டார் என்று சொன்னேன். தேரோட்டக் கேசட்டை முழுக்கத் திருகினேன்.

மறுநாள் ஊரெல்லாம் அதுதான் பேச்சு. அடுத்த வாரம் கிரவுண்டில் ஜனங்கள், ‘கழட்டுல, கழட்டுல’ என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். சீனிராஜ் போன் செய்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

“அண்ணாச்சி, நெசமாவே கழட்டிட்டான்.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது தம்பி. ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து நான் ஒன்று சொல்கிறேன், ஏழு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அது நடக்கிறது. அம்பயர் போட வைத்திருக்கிறார். அடுத்த பெனால்டி கார்னருக்கு மறுபடியும் கழற்றியிருக்கிறான். அதற்கப்புறம் அம்பயரும் விட்டுவிட்டார். அந்த ஹெல்மெட் ஊர்ப் பொது ஹெல்மெட், மூன்று கீப்பர்கள் போட்டது, தலையில் நிற்காமல் ஆடும். அதையும் நினைத்துப் பாருங்கள். என்னால் மட்டும் கழற்றினான் என்று எப்படிச் சொல்வது?

சீனிராஜ் வீட்டுக்கே வந்தான். இனி ஹெல்மெட் பேச்சு வேண்டாம், போட்டிருக்கிறான் என்று ரேடியோவில் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் போடுவான் என்றான். நான் கேட்டேன், அவன் கழற்றுவது பொய்யா? உண்மைதானே. உண்மையைச் சொல்லக் கூடாதா? இத்தனை நாள் நான் கட்டிச் சொன்னபோது ஒன்றும் சொல்லாதவன், உண்மையைச் சொல்கிறபோது வேண்டாம் என்கிறான். அவனுக்குப் பொறாமை. கிரவுண்டில் வெயிலில் நிற்கிறவன் அவன், பெயர் எனக்கு.

ஃபைனலுக்கு முந்தின நாள் பொன்பாண்டியைக் கடைசியாகப் பார்த்தேன். சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு விளையாட்டாகக் கேட்டான்.

“அண்ணாச்சி, நாளைக்கு நான் என்ன செய்யப்போறேன்?”

“ரேடியோவக் கேட்டுத் தெரிஞ்சுக்க,” என்றேன்.

சிரித்துக்கொண்டே போனான். முதுகில் அந்த ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் குடிக்கிறீர்களா? வேண்டாமா? நான் குடித்துக்கொள்கிறேன்.

ஃபைனல், தாதன்பட்டிக்கும் மூப்பன்குளத்துக்கும். சாயங்காலம் நாலு மணி ஆட்டம். பாதி வரைக்கும் ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் பாதியில் எட்டாவது நிமிஷம் சீனிராஜ் போன் செய்தான். மூப்பன்குளத்துக்குப் பெனால்டி கார்னர், பொன்பாண்டி கழற்றிவிட்டான் என்றான். போனை வைக்கவில்லை. ஜனங்கள் கத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு ஒரு சத்தம். என் கட்டையில் நான் தட்டுகிற மாதிரி இல்லை. ஒரு மாதிரி மெத்தென்று. பிறகு ஒரு சத்தமும் இல்லை. கட்.

டவர் போய்விட்டது என்று நினைத்தேன். டவர்தான். வேறே என்ன நினைப்பேன்? நானூறு பேர் ஒரே நேரத்தில் வாயடைத்துப் போவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

திருப்பிப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மைக் திறந்து கிடக்கிறது. எட்டு ஊர் காத்திருக்கிறது. நான் சொன்னேன், தடுத்துவிட்டார் பொன்பாண்டி.

சீனிராஜ் என்ன செய்தான் தெரியுமா? போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு உள்ளே ஓடியிருக்கிறான். விழுந்து கிடந்தவனைத் தூக்கியிருக்கிறான். ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். பந்து பொட்டில் பட்டிருந்தது. அங்கே தூக்குவதற்கு நானூறு பேர் இருந்தார்கள் தம்பி. போன் செய்வதற்கு ஒரே ஒரு ஆள்தான். அவன் வேலை போன் செய்வது. அதைச் செய்தானா? இதுதான் முதல் துரோகம் என்று நான் சொல்வது. இதை நான் சொன்னால் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நீங்களும் பார்க்கிறீர்கள். பரவாயில்லை.

இருபத்திரண்டு நிமிஷம். அதுவரைக்கும் நான் அத்தனை நேரம் போன் இல்லாமல் ஓட்டினதில்லை. ஏழு பந்து தடுக்கவைத்தேன். ஒவ்வொன்றும் வேறு வேறு விதம். ஒன்றை நெஞ்சில் வாங்கினான், ஒன்றைக் குப்புற விழுந்து ஸ்டிக்கால் தள்ளினான். ஐந்தாவதுக்கு அவனே எழுந்து நின்று கையை ஆட்டினான். அவ்வளவு நன்றாக நான் என்றைக்கும் சொன்னதில்லை. இந்தப் பையில் இருக்கிற கேசட்டைக் கேட்டால் உங்களுக்கே தெரியும். கடைசியில் எட்வின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து சுவிட்சைப் பிடுங்கிப் பாட்டைப் போட்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ‘அந்தப் பையன் ஆஸ்பத்திரில கெடக்கான், நீங்க என்ன பண்றீங்க’ என்றார். பாட்டு போட்டிருக்கணும், பாட்டு போட்டிருக்கணும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றோடு என்னை நிறுத்திவிட்டார்.

தாதன்பட்டியில் நடந்ததை நான் பார்க்கவில்லை. எல்லோரும் சொல்லித்தான் தெரியும். பொன்பாண்டி விழுந்த ஐந்தாவது நிமிஷத்தில், யாரோ போனில் சொல்லக் கேட்டு, ஒரு ஆள் டி.வி.எஸ். வண்டியில் ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்திருக்கிறான். மகனுக்கு அடிபட்டுவிட்டது, பெரியாஸ்பத்திரி, வண்டியில் ஏறுங்கள் என்றிருக்கிறான். ஆவுடையப்பன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. மூப்பன்குளத்துக்காரர்களுக்கு இது வழக்கம். அதற்கு முந்தின வருஷம் இதே மாதிரி ஆட்டத்துக்கு நடுவில், ஊரில் வைக்கோல் படப்பு எரிகிறது என்று புரளி கிளப்பிவிட்டுத் தாதன்பட்டிக்காரர்களைக் கலைத்தார்கள். அதனால் அவர் ரேடியோவைக் காட்டிச் சொன்னாராம்: “அடிபட்டவன் எப்படில தடுப்பான்? இப்பத்தான தடுத்தான், கேளு.”

அந்த ஆள் கேட்டிருக்கிறான். பொன்பாண்டி பாய்கிறார், தடுத்துவிட்டார். அவனும் கண்ணால் பார்த்தவன் இல்லையே. வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டானாம். சேதி சொல்ல வந்தவனே உட்கார்ந்து ஆட்டம் கேட்டிருக்கிறான். அப்படி ஒரு குரல் தம்பி இது.

பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொல்லி வேனில் ஏற்றிவிட்டார்கள். பையனுக்கு அப்போது நினைவு இருந்தது. அப்பா எங்கே, அப்பா வந்துட்டாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். அதனால் ஆஸ்பத்திரி வாசலில் பத்து நிமிஷம் வேனை நிறுத்தியிருந்தார்கள், வந்துவிடுவார் என்று. வரவில்லை. வேன் புறப்பட்டது. கயத்தாறு தாண்டவில்லை, முடிந்துவிட்டது. அந்தப் பத்து நிமிஷத்துக்கும் என்னைத்தான் சொல்கிறார்கள். வேனை நிறுத்தச் சொன்னது நானா?

ரேடியோவில் பாட்டு வந்த பிறகுதான் ஆவுடையப்பன் எழுந்தாராம்.

மூன்றாவது அவர். அவர் எனக்குச் செய்தது என்ன என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. அதுதான். அடித்தாரா, இல்லை. திட்டினாரா, இல்லை. கருமாதிக்கு நான் போனேன். மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோரு வருஷத்தில் இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்திருக்கிறார். நின்று என்னைப் பார்ப்பார். என் பஸ் போகிறவரை பார்த்துக்கொண்டே நிற்பார். அவ்வளவுதான்.

நான் அவருக்கு என்ன கொடுத்தேன் என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா? நீங்களே யோசித்துப் பாருங்கள். கிரவுண்டில் அவர் மகன் மண்ணில் கிடந்தான். நானூறு பேருக்கு அப்படித்தான் கிடந்தான். அவருக்கு மட்டும் அவன் நின்று ஆடிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு நிமிஷம். எந்த அப்பனுக்குக் கிடைக்கும் அது? என் மில் வேலை போயிற்று, ரேடியோ போயிற்று, அன்றிலிருந்து ஒருத்தன் என் கையில் மைக் கொடுக்கவில்லை. இத்தனையையும் விட்டுவிட்டு நான் கேட்பது ஒரு வார்த்தை. நல்லாச் சொன்னீரு வெயிலுமுத்து என்று ஒரு வார்த்தை.

அன்றைக்கு நான் சொன்னது பதிவான கேசட்டை எட்வின் தர மாட்டேன் என்றார். மிஷின் பார்க்கிறவனைப் பிடித்துத் தெரியாமல் வாங்கினேன். மாதத்துக்கு ஒரு தடவை போட்டுக் கேட்பேன். அதில் ஒரு பிசிறு கிடையாது.

போன புதன்கிழமை சீனிராஜ் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. உள்ளே வரவில்லை. ஆவுடையப்பன் சொல்லிவிட்டார் என்றான். அந்தக் கேசட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானம். தனியாக. நீங்கள் சொன்ன ஆட்டத்தை உங்களை வைத்துக்கொண்டே ஒரு தடவை முழுக்கக் கேட்க வேண்டுமாம். சொல்லிவிட்டு, “போகாதீங்க அண்ணாச்சி,” என்றான்.

ஏன் என்றேன். பொன்பாண்டியின் அம்மா போன மாதம் காலமாகிவிட்டாள், இத்தனை நாளும் அவரைத் தடுத்து வைத்திருந்தது அந்தம்மாதான் என்றான். எதிலிருந்து தடுத்தது என்றேன்.  அதற்கு அவன், வளர்த்த ஆடுகளையெல்லாம் கொடுத்துவிட்டார், வீட்டை மகள் பேருக்கு எழுதிவிட்டார், கிணற்று மோட்டாரைக்கூடக் கழற்றி அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டார் என்றான். வயதானவன் செய்கிற காரியம்தானே இது? என்னையும் கூப்பிட்டு, எனக்குத் தர வேண்டியதையும் தந்துவிட நினைக்கிறார். அதுதான் சங்கதி. அந்தம்மாதான் இத்தனை நாள் அதைத் தடுத்திருக்கிறாள். பெண்பிள்ளை, பெற்றவள், அவளுக்குப் புரியாது. இவருக்குப் புரிந்திருக்கிறது. சீனிராஜுக்கு அது பொறுக்கவில்லை. எனக்கு ஒரு மரியாதை கிடைக்கப்போகிறது என்றால் அவன் இன்றைக்கும் குறுக்கே வந்து நிற்பான். நான் மில் வேலையை விட்ட நாளிலிருந்து இதேதான்.

அவன் கண் கலங்கியிருந்தது. தூசி விழுந்திருக்கும். எங்கள் தெருவில் ரோடு போடுகிறார்கள்.

அதோ அந்த வளைவு திரும்பினால் தாதன்பட்டி. என்ன, கடையெல்லாம் அடைத்திருக்கிறது? மத்தியான நேரம், சாப்பிடப் போயிருப்பார்கள். ஸ்டாப்பில் ஒரு ஆள் நிற்கிறார். இருங்கள். எனக்குத் தூரம் சரியாகத் தெரியாது. உங்களுக்குத் தெரிகிறதா? வெள்ளை வேட்டியா? உயரமா? அவர்தான். பாருங்கள், அவரே வந்து நிற்கிறார். போகாதே என்றானே சீனிராஜ். வேண்டாதவனை அழைக்க ஒருத்தர் பஸ் ஸ்டாப்புக்கு வருவாரா?

கையில் என்ன அது? பானை மாதிரி இருக்கிறது.

ஹெல்மெட்டா? நன்றாகப் பார்த்தீர்களா? பையன் ஹெல்மெட்தான் அது. இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறார். துடைத்து வேறு வைத்திருக்கிறார், வெயிலில் பளபளவென்று தெரிகிறதே. மகன் ஞாபகமாக எனக்குக் கொடுக்கக் கொண்டுவந்திருப்பார். வேறே எதற்குக் கொண்டுவருவார்?

நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? உங்களுக்கு அடுத்த ஸ்டாப் அல்லவா, உட்காருங்கள். கூட வருகிறீர்களா? வேண்டாம் தம்பி. தனியாக என்று சொல்லியிருக்கிறார். கையை விடுங்கள். இந்த ஒரு வார்த்தைக்குப் பதினோரு வருஷம் காத்திருந்தேன். வாங்காமல் திரும்ப மாட்டேன். அவர் தர வேண்டியது இன்னும் என் கைக்கு வரவில்லை.

இந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். பார்த்து, பேட்டரி விழுந்துவிடும். கண்டக்டர் தம்பி, விசிலக் குடுத்துராதீக. ஆளு எறங்கணும்.